களப்பை விடியுமுன் அளவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் மீன் செத்து மிதந்தால் உடனே "யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள்" என்ற பேச்சுத்தான் எழுகிறது. நஞ்சே கிடையாது என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் ஒரு கடுங்கோடையில், இருள் பிரியுமுன், வட்டுவாகல் பாலத்தடியில் நான் கண்டது வேறு. திரளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கையை நீட்டினால் அள்ளிவிடலாம். ஒன்றுகூட விலகி ஓடவில்லை. வெயில் ஏறும்போது பாதி மீன் வயிற்றைக் காட்டிக் கிடந்தது.

அவை மூச்சுத்திணறிச் செத்தவை. நன்னீரில் 20 பாகை செல்சியஸில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். உப்பு ஏறினால் இன்னும் குறையும். மீனின் உடலோ தண்ணீரோடு சேர்ந்து சூடாகிறது. அதே 10 பாகைக்கு அதன் ஒட்சிசன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறையும் நேரத்திலேயே செலவு கூடுகிறது. இரவில் பாசியும் அதே ஒட்சிசனைச் சுவாசிப்பதால், விடியற்புறத்தில் மீனின் பூக்களுக்கு, அதாவது செவுள்களுக்கு, கிடைக்க மிச்சம் இருப்பதில்லை.

மீன்வளத்தைக் கணிக்கும் மாதிரியுருக்கள் பலவும் பிடிபட்ட மீனின் நிறை, நீளம், வயதோடு நின்றுவிடுகின்றன. தண்ணீர் நேற்றுப்போலவே இருக்கும்வரைதான் அந்தக் கணக்குச் சரிவரும். கனடாவின் பிரேசர் ஆற்றில், சொக்கை சால்மன் முட்டையிட ஏறும் காலத்தில், ஆற்றின் சூட்டையும் நீரோட்டத்தையும் பார்த்து வழியில் எவ்வளவு மீன் இறக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கேற்பப் பிடிக்கும் அளவையும் குறைக்கிறார்கள். சூடான நீரில் அந்த மீனின் இதயம் எந்தக் கட்டத்தில் தளர்கிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். நம் திரளிக்கும் இறாலுக்கும் அப்படி அளந்து பார்க்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் முன்வரவேண்டும். எந்தச் சூட்டில், எவ்வளவு உப்பில் அவை சோர்கின்றன என்று தெரிந்தால், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, வலையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை ஆதாரத்தோடு பேசலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். காலை 10 மணிக்கு வந்து போத்தலில் நீர் எடுத்துப் போவதில் பயனில்லை. அதற்குள் வெயில் பட்டுப் பாசி மறுபடி ஒட்சிசனை விட்டிருக்கும். அளவு நன்றாகவே காட்டும், மீன் செத்த காரணம் மட்டும் அகப்படாது. அதிகாலை நாலரை மணிக்குக் களப்பில் இடுப்பளவு நீரில் நிற்பவர்கள் வீச்சுவலைக்காரர்கள்தான். ஒட்சிசன் அளக்கும் கருவியை அவர்களுடைய சங்கத்திடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
முள்ளியவளை.