உன் பேத்தியின் பட்டியல்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவிட்டது, கோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. இங்கே எனக்கும் குறையொன்றுமில்லை. கண்ணாடி மாற்றிய பிறகு பொடி எழுத்தும் தெரிகிறது. ஆகவே மறுபடி அகராதியில் விழுந்துவிட்டேன். அகராதியைத் தொடர்கதை மாதிரி படிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று நீ முன்பே கேலி செய்தவன். அந்தக் கிறுக்கு இருப்பதால்தானே உன் பேத்தி எழுதி வைத்த பட்டியலை எனக்கு அனுப்பியிருக்கிறாய்?

கொரியத் தொடர்களைப் பார்த்தே இவ்வளவு பிடித்திருக்கிறாள் என்றால் கெட்டிக்காரிதான். அப்பாவுக்கு அங்கேயும் 'அப்பா'. புல்லுக்கு 'புல்'. நாளுக்கு 'நல்'. நான் என்பதற்கு 'நா'. நீ என்பதற்குப் பேச்சில் 'நி'. "தமிழும் கொரியனும் அக்கா தங்கச்சிதானே தாத்தா?" என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாள். அவளுக்கு வெகு முன்பே இதைக் கேட்டவர்கள் உண்டு. கொரியாவில் ஆசிரியராக இருந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905இலேயே ஒரு நூல் எழுதினார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் இதே மாதிரி உறவு உண்டென்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை அவள் பட்டியலை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். நீ அவளுக்குப் படித்துக் காட்டு.

அப்பாவை முதலில் தள்ளிவிடலாம். குழந்தைக்கு உதட்டை மூடித் திறந்தால் வருகிற ஒலிகள் ம, ப. அது என்ன உளறினாலும் பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் 'என்னைத்தான் கூப்பிடுகிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் இதை அழகாக விளக்கியிருக்கிறார். அதனால் உலகம் முழுக்க அம்மா, அப்பா, மாமா, பாபா என்ற சாயலிலேயே இருக்கும். யார் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது அவரவர் பாடு. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா! நம்மூர்க் குழந்தை அங்கே போனால் மாமாவைத் தேடித் திணறிப்போகும்.

'நீ' இன்னும் வேடிக்கை. அவள் கொரியனை விட்டுச் சீனம் கற்றிருந்தால் அங்கேயும் 'நீ' என்பதற்கு 'நீ'யே இருப்பதைப் பார்த்திருப்பாள். கொரியனில் எழுதும்போது அது 'நி' கிடையாது. 'உன்' என்பதற்கு 'நே', 'என்' என்பதற்கு 'நே'யைவிடக் கொஞ்சம் வாய் திறந்த இன்னொரு ஒலி. காலப்போக்கில் இரண்டு உயிரொலிகளும் ஒன்றாகிவிட்டன. உன், என் இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் எப்படிப் பேசுவது? அதனால் 'உன்'னை 'நி' என்று ஆக்கிக்கொண்டார்கள். அண்மைக் காலத்தில் நடந்த ஒட்டுவேலை இது. தமிழ் 'நீ'க்கும் அதற்கும் உறவு கொண்டாட முடியாது.

பட்டியலிலேயே எனக்குப் பிடித்தது புல். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. பார்த்தால் யாருக்கும் சபலம் தட்டும். ஆனால் கொரிய எழுத்தை அரசர் செஜோங் வெளியிட்டது 1446இல். அதன் பிறகு அவர்கள் பேச்சை ஒலிப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய ஏடுகளில் புல்லுக்கு உள்ள உயிரொலி உகரமே இல்லை. 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு குற்றியலுகரம் வருகிறதே, ஏறக்குறைய அந்த ஒலி. ப, ம மாதிரி உதட்டொலிகளுக்குப் பின்னால் அது 17ஆம் நூற்றாண்டு வாக்கில் உதடு குவிந்து உகரமானது. நம் 'புல்'லோ சங்கப் பாட்டிலும் புல்தான். ஆக இந்த இரண்டு புல்லும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தே சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன.

இதுதான் மூர்த்தி நான் சொல்ல வருவது. உண்மையான உறவாக இருந்தால் காலத்தில் பின்னால் போகப் போகச் சொற்கள் நெருங்கி வரும். வெறும் ஒற்றுமையாக இருந்தால் பின்னால் போகப் போக விலகும். இந்த ஒரு உரைகல்லை வைத்துக்கொண்டு பார்த்தால் பொழுது போவதே தெரியாது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. இந்திப் படங்களில் வருகிற 'பத்மாஷ்' அதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்திலும் 'பேட்' என்றால் கெட்டது. ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டும் அப்படியே ஒன்று. ஆனால் பாரசீகச் சொல் முன்பு 'வத்' என்று இருந்தது. போயிற்றா? மலாயில் கண்ணுக்கு 'மாத்தா', இன்றைய கிரேக்கத்தில் 'மாத்தி'. கிரேக்கத்தின் பழைய வடிவம் 'ஒம்மாத்தியோன்'. தலையும் வாலும் உதிர்ந்து நடுத்துண்டு மட்டும் மிஞ்சி மலாய்ச் சொல்லின் சாயலுக்கு வந்து நிற்கிறது.

நாய்க்கதை உனக்குத் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபரம் என்று ஒரு மொழி. 1960களில் டிக்சன் என்ற மொழியியலாளர் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் நாய்க்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்க, அவர் 'டாக்' என்றாராம். ஆங்கிலத்தைச் சொல்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை, அது அவர்கள் சொந்தச் சொல். அண்டை மொழிகளில் நாய்க்கு 'குடக'. ம்பபரத்தில் முதல் அசை உதிர்வது வழக்கம். அது உதிர்ந்து, கடைசி உயிரும் போய், நடுவில் உள்ளது ஒகரமாகி 'டாக்' ஆகிவிட்டது. ஆங்கிலேயன் கப்பல் ஏறாமலே இருந்திருந்தாலும் அங்கே நாய் 'டாக்'தான்.

நமக்கே பக்கத்தில் ஒன்று உண்டு. இந்தி 'ஆட்', தமிழ் 'எட்டு'. பிராகிருதத்தில் 'அட்ட' என்றே இருந்தது, இன்னும் நெருக்கம். ஒரு படி பின்னால் போ: வடமொழியில் 'அஷ்ட'. அதன் உறவான லத்தீனைப் பார்: 'ஒக்தோ'. 'ட்ட' உடைந்துகொண்டே போகிறது. தமிழ்ப் பக்கம் திரும்பு: எண்பது, எண்ணூறு, எண்திசை. அடியில் இருப்பது 'எண்'. நடுவழியில் கொஞ்ச தூரம் இரண்டும் தோளுரசி நடந்ததோடு சரி.

இப்படி நடப்பதில் அதிசயமில்லை. மனித வாயால் எளிதில் செய்யக்கூடிய ஒலிகள் கொஞ்சம், மொழிகளோ ஆயிரக்கணக்கில். ஓரெழுத்து ஒருமொழிகள் மட்டுமே 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. கை, மை, தீ, போ என்று இவ்வளவு சின்னச் சொற்கள் வேறெந்த மொழியிலும் மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'வா' என்று நீ ஒரு பிரெஞ்சுக்காரனைக் கூப்பிட்டால் அவன் எழுந்து போய்விடுவான். அவன் மொழியில் அது 'போ'. 'கல்' என்றால் நமக்குக் கல், இந்திக்காரருக்கு நேற்றோ நாளையோ, கொரியனில் கத்தி.

வெளியே போவானேன், நம் வீட்டுக்குள்ளேயே பார். பாலை வழியைச் சங்கப் புலவர்கள் சுரம் என்றார்கள்; அது தமிழ். இசையில் வருகிற 'ஸ்வர'மும் தமிழில் சுரம். காய்ச்சலான 'ஜ்வர'மும் சுரம். மூன்று வேர், ஒரே உருவம்! வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை நீக்கிவிட்டு வரவேண்டும் என்று தொல்காப்பியர் விதி செய்தார். அந்த வாசலில் குனிந்து நுழைந்ததில் இரண்டும் ஒரே உயரமாகிவிட்டன. மதமும் அப்படித்தான்: சமயத்தைக் குறிப்பது ஒன்று, யானைக்குப் பிடிப்பது வேறொன்று. (பலருக்கு இரண்டும் ஒன்றாகவே பிடிக்கிறது, அது வேறு கதை.) ஏலம் இன்னும் நல்ல கதை. ஏலக்காயின் ஏலம் பழைய சொல். கூவி விற்கிற ஏலம் போர்த்துக்கீசியர் கொண்டு வந்த 'லெய்லாவ்'. மலையாளத்தில் இன்றும் 'லேலம்' என்றே இருக்கிறது. லகரம் தமிழில் மொழிமுதல் வராது. அதனால் முதல் ஒலி கழன்று ஏலமாயிற்று. 'ஏலத்தை ஏலம் விட்டார்கள்' என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு ஊர்ச் சொற்கள்.

நிகண்டு செய்தவர்களும் 'ஒரு சொல் பல்பொருள்' என்று தனித் தொகுதியே வைத்தார்கள். பொருளை அடுக்கினார்களே தவிர, வேர் வேறா என்று அவர்கள் பிரிக்கவில்லை. அதைச் செய்தது 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. பிறப்பு வேறானால் அதே சொல்லை எண் போட்டுத் தனித்தனித் தலைச்சொல்லாக்கியது. அந்தக் குட்டி எண்களுக்காகவே அதைப் புரட்டுகிறவன் நான்.

காசைப் பற்றிக் கேட்டிருந்தாய். மேடையில் அந்தப் பேச்சாளர் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் காசு என்று முழங்கியதற்குக் கைதட்டினாயாம். பாதிக் கைதட்டலுக்கு அவர் தகுதியானவர். ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது லத்தீன் 'கப்சா', அதாவது பெட்டி, பிரெஞ்சு வழியாகப் போனது. முதலில் பணப்பெட்டி, பிறகு அதில் உள்ள பணம். இன்னொரு 'கேஷ்' சில்லறை நாணயத்தின் பெயர், அது சத்தியமாக நம் காசு. போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் மொழியில் எழுதும்போது 'கைஷா' ஆக்கினார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் ஏற்கனவே இருந்தது. பொருள் பெட்டி, வந்தது அதே கப்சாவிலிருந்து! இரண்டு சொற்களும் அங்கேயே ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று ஓடியது. கணக்குப் புத்தகத்தில் அந்தக் காசு 'கேஷ்'. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் அதே பெயரால்தான் அழைத்தார்கள். சீனச் செப்புக் காசுக்குத் தமிழ்ப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது என்பது அந்தப் பேச்சாளர் சொன்னதைவிடச் சுவையான செய்தி. அவருக்கு அது தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருக்கிறது.

சரி, உண்மையான உறவு எப்படி இருக்கும் என்று உன் பேத்தி கேட்பாள். கன்னடத்தைக் காட்டு. பால், பல், புலி, பத்து, பூ; அங்கே ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து, ஹூவு. ஒன்றுகூட நம்முடையதைப் போல இல்லை. ஆனால் ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. பகரம் நின்ற இடத்தில் எல்லாம் ஹகரம். பழைய கன்னடக் கல்வெட்டுகளுக்குப் போனால் பகரமே நிற்கிறது. கொரியனில் இதே ஐந்தையும் தேடச் சொல். பல்லுக்கு 'இ', பத்துக்கு 'யொல்', பூவுக்கு 'கொத்' என்று வரும். எந்த வரிசையிலும் நிற்காது. ஆங்கில 'வீல்' நம் வாயில் புழங்கும் வடமொழிச் 'சக்கர'த்தோடு உடன்பிறந்தது என்றால் நம்பமாட்டாள். கேட்டால் ஒட்டே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஒலிக்கும் வழி சொல்ல முடியும்.

உடனே அவள் கடல் கடந்து போன இளவரசி கதையை எடுப்பாள், எனக்குத் தெரியும். கி.பி. 48இல், தமிழகம்தான் என்று சிலர் சொல்கிற ஆயுத்த நாட்டிலிருந்து கொரியாவுக்கு வந்து அரசியானவள் என்று 13ஆம் நூற்றாண்டு ஏடு சொல்கிறது. வந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணப்பெண் வந்ததற்காக ஒரு நாடே புல்லுக்கும் நாளுக்கும் 'நான்' என்பதற்கும் புதுப் பெயர் வைத்துக்கொள்ளாது.

'நாள்' மட்டும் எனக்கு வசப்படவில்லை. கொரிய 'நல்' 15ஆம் நூற்றாண்டு ஏட்டிலும் 'நல்'தான், அசையவே மாட்டேன் என்கிறது. அதைத் தற்செயல் கணக்கில்தான் எழுதுகிறேன். அவளிடம் மறைக்காதே, அதையும் சொல். மறுத்துப் பேசட்டும். முடிந்தால் நூறு அடிப்படைச் சொற்களை இரண்டு பத்தியாக எழுதி அனுப்பச் சொல்: உடலுறுப்பு, எண், நீர், நெருப்பு, வா, போ. சீரியல் வசனம் வேண்டாம். நான் சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

உன் தம்பி வீடு மாறியது பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, பழைய முகவரிக்கே நான் எழுதலாமா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் சொல்.

அன்புடன்,
கதிரேசன்