பார்த்த பிறகே பாய்ச்சிய கதிர்: ஒரு நன்றி மடல்

கதிர்வீச்சுப் பிரிவில் என்னைப் பேணிய அனைவருக்கும், என்னுடன் வரிசையில் காத்திருந்தவர்களுக்கும் களியக்காவிளையிலிருந்து வணக்கம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்காக நாளுக்கு 3 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் 20 தவணைகளில் 60 கிரே கதிர் பெற்று, போன வாரம் சிகிச்சையை முடித்தேன்.

சிகிச்சைக்கு முன் உடலுக்குள் வைக்கும் தங்க மணி எதற்கு என்று நான் தயங்கியபோது, ஓ.பி. சீட்டின் பின்புறம் படம் வரைந்து விளக்கிய மருத்துவருக்கு முதல் நன்றி. மூத்திரப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, அவை நிறைவதற்கும் ஒழிவதற்கும் ஏற்ப நாள்தோறும் சில மில்லிமீட்டர் நகரும் என்றும், தோலில் குத்திய பச்சைப் புள்ளியோ எக்ஸ்ரேயில் தெரியும் இடுப்பெலும்போ அந்த நகர்வைக் காட்டாது என்றும் அன்றுதான் அறிந்தேன். வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்க்கும் முறையும் உண்டாம். ஆனால் அழுத்தும்போதே சுரப்பி சற்று விலகிவிடக்கூடும் என்றார். அரிசியைவிடச் சிறிய மூன்று தங்க மணிகளைச் சுரப்பிக்குள் வைத்துவிட்டால், எக்ஸ்ரேயில் அவை பளிச்சென்று தெரியும். அவற்றைக் கொண்டே இடத்தைச் சரிபார்க்கலாம்.

தொழில்நுட்பர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. நாள் தவறாமல் மணிகளின் இடம் பார்த்து, சுற்றியுள்ள உறுப்புகளையும் காட்டும் கூம்புக்கதிர் சி.டி. படமும் எடுத்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திய பிறகே கதிரைத் தொடங்கினார்கள். 11ஆம் நாள் மணிகளின் இடம் சரியாகப் பொருந்திய பின்னும், மலக்குடலில் வாயு உப்பியிருப்பதை சி.டி. காட்டியது. “கொஞ்சம் கேஸ் உண்டு அச்சா, ஒண்ணு இறங்கணும்” என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொல்லி, என்னைக் கழிப்பறைக்கு அனுப்பி, மூத்திரப்பை மறுபடி நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, படத்தையும் புதிதாக எடுத்தார் தொழில்நுட்பர்களில் ஒருவரான சேச்சி. கூட்டம் மிகுந்த திங்கட்கிழமை அது. பரவாயில்லை என்று அப்படியே கதிரைப் பாய்ச்சியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

அன்று என்னால் முக்கால் மணி நேரம் தாமதப்பட்டவர்களை மறக்க மாட்டேன். அவர்களில் சிலர் என்னைப் போலவே அளந்து நீர் குடித்து, மூத்திரப்பை முட்ட உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே 20 நாளும் பள்ளம் பார்த்து மெல்ல ஓட்டிய டிரைவர் தம்பிக்கும் என் அன்பு.

மூன்று மாதம் கழித்து பி.எஸ்.ஏ. என்னும், புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்கும் இரத்தப் பரிசோதனைக்கு வருவேன். சேச்சி விரும்பிக் கேட்ட எங்களூர் மட்டிப் பழம் ஒரு குலை, அன்று பிரிவு முழுமைக்குமாக வந்து சேரும்.