எங்கள் வீட்டுத் தண்ணீர் அழுத்தத்துக்கு ஒத்துவராத ஷவரை விற்றது பற்றிய புகார்

சுங்கை சிப்புட், பேராக்
9 ஜூன் 2025

பெறுநர்:
நிர்வாகி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஏப்ரல் 19 அன்று உங்கள் ஈப்போ கிளையில் வாங்கிய 8 அங்குல ரெயின் ஷவருக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சேவைப் பிரிவிலிருந்து என்னுடன் இரண்டு முறை பேசியவர் தமிழர். தமிழிலேயே எழுதலாம் என்று அவர் சொன்னதால் இப்படி எழுதுகிறேன். மலாய் மொழிபெயர்ப்பையும் ரசீதின் நகலையும் கூடவே வைத்திருக்கிறேன்.

அந்த ஷவரை நான் யாருக்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு வயது 74. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி சுமந்ததால் வலது தோள் தேய்ந்துவிட்டது. கை காது வரைதான் உயரும். போன வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சையும் ஆனது. அதற்கு முன் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றித்தான் குளிப்பார். இப்போது குனிந்து மொள்ளவும் முடியவில்லை, தூக்கி ஊற்றவும் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். நான் வேலைக்குப் போய்விட்டால் அவரைக் குளிப்பாட்ட வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவராகவே குளிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பழைய துருப்பிடித்த ஷவரை மாற்ற முடிவு செய்தேன்.

இதையெல்லாம் உங்கள் கிளையில் இருந்த விற்பனையாளரிடம் சொன்னேன். அம்மா உட்கார்ந்து குளிப்பவர், கையைத் தூக்க முடியாதவர் என்றேன். எங்களுடையது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள, மாடி இல்லாத வீடு, தண்ணீர்த் தாங்கி கூரைக்குக் கீழேதான் இருக்கிறது, பம்ப் எதுவும் இல்லை என்றும் சொன்னேன். தாங்கியைப் பற்றி அவர் கேட்கவில்லை. பழைய ஷவரில் தண்ணீர் மெதுவாக வருவது எனக்கே தெரியும் என்பதால் நானாகச் சொன்னேன். “இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்” என்று சொல்லி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மாட்டியிருந்த 8 அங்குல ரெயின் ஷவரைத் திறந்து காட்டினார். தண்ணீர் உண்மையிலேயே மழை மாதிரி கொட்டியது. அந்தக் காட்சி ஷவர் பம்பில் ஓடுகிறது என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. பிறகு தொலைபேசியில் நான் கேட்டபோதுதான் தெரிந்தது. 289 ரிங்கிட் கொடுத்தேன். பிளம்பர் கூலி 80 ரிங்கிட்.

மாட்டிய அன்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மழை விட்ட பெறகு பால்மரத்துக்கு அடியில நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் அப்படித்தான் வந்தது. தலையில் போட்ட ஷாம்பு போக இருபது நிமிடம் ஆனது. கடைசியில் நானே வாளியில் பிடித்து ஊற்றினேன்.

உங்கள் சேவைப் பிரிவுக்கு அழைத்தேன். உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் வளையத்தைக் கழற்றிவிடச் சொன்னார்கள். அது தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வளையம். அழுத்தம் அதிகமான வீடுகளில் தண்ணீரை மிச்சப்படுத்த அது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் வீட்டில் மிச்சப்படுத்தும் அளவுக்குத் தண்ணீரே வரவில்லையே. சரி, நீங்கள் சொன்னபடியே செய்து பார்ப்போம் என்று 10 லிட்டர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஷவர் இல்லாமல் வெறும் குழாயில் வாளி நிரம்ப 1 நிமிடம் 15 வினாடி ஆனது. வளையத்தோடு உங்கள் ஷவரில் 2 நிமிடம் 40 வினாடி. வளையத்தை எடுத்த பின் 2 நிமிடம் 5 வினாடி. வாளி சீக்கிரம் நிரம்பியது உண்மைதான். ஆனால் அதனால் குளிக்க முடிந்துவிடவில்லை. அந்த முகத்தில் 140 துளைகள் இருக்கின்றன, எண்ணினேன். பாதித் துளைகளில் தண்ணீர் எட்டியே பார்க்கவில்லை. மீதியில் வந்த தண்ணீர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் கயிறு மாதிரி ஒழுகியது. வளையம் இருந்தபோது கணக்குப் போட்டால் ஒரு துளைக்கு நிமிடத்துக்கு 27 மில்லிலிட்டர்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. மேசைக்கரண்டியில் இரண்டு கரண்டி நிரம்பாது.

இரண்டாவது முறை அழைத்தபோது 650 ரிங்கிட்டுக்கு உங்களிடமே ஒரு பம்ப் வாங்கிப் பொருத்தச் சொன்னார்கள். என்னை மிகவும் வருத்தப்பட வைத்தது இதுதான். 289 ரிங்கிட் பொருள் வேலை செய்ய 650 ரிங்கிட் பொருள் வேண்டும் என்றால், அதை நான் பணம் கட்டுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்த மடித்த தாளை அதற்குப் பிறகுதான் முழுதாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், குறைந்தபட்ச அழுத்தம் 1 பார் என்று இருக்கிறது. பெட்டியின் வெளியே எந்தப் பக்கத்திலும் அது இல்லை. 1 பார் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார்தான் கிடைக்கும். எங்கள் தாங்கிக்கும் நீங்கள் விற்ற ஷவரின் முகத்துக்கும் இடையில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உங்கள் தாள் கேட்பதில் பத்தில் ஒரு பங்குதான் எங்கள் வீட்டில் இருக்கிறது. இது எங்கள் வீட்டின் தனிக் குறையும் இல்லை. இந்த நாட்டில் பெரும்பாலான தரை வீடுகளில் சமையலறைக் குழாய் போன்ற ஒன்றிரண்டு குழாய்களுக்குத்தான் நேரடி இணைப்பு. குளியலறைக்குத் தாங்கித் தண்ணீர்தான் போகும். தோட்டத்திலிருந்து வெளியேறி தாமான்களுக்கு வந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவும் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கின்றன. அப்படியிருக்க “எல்லா வீட்டுக்கும் பொருந்தும்” என்ற சொல்லை உங்கள் ஆள் எப்படிச் சொன்னார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் உடனடிச் சூடாக்கும் வாட்டர் ஹீட்டர் வாங்கினால் இதே ஷவரை அதன் வெளிக்குழாயில் இணைத்துக்கொள்ளலாம், நடுவில் தண்ணீரைத் திறந்து மூடும் ஒரு அடைப்புக் குழாய் போட்டால் போதும் என்று அதே விற்பனையாளர் சொன்னார். எங்கள் பிளம்பர் தம்பி இதைக் கேட்டதும், “அக்கா, அத மட்டும் செய்யாதீங்க” என்றார். அந்த வகை ஹீட்டரில் சூடான தண்ணீர் வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், அங்கே அடைப்புக் குழாயோ தண்ணீரை மறிக்கும் ஷவரோ மாட்டக் கூடாது, ஹீட்டரோடு வரும் கைஷவரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விளக்கினார். தண்ணீர் குறைவாக வந்தால் ஹீட்டர் இயங்கவே இயங்காது என்றும் சொன்னார். வயதானவர் தனியாகக் குளிக்கும் அறைக்கு இப்படி ஒரு யோசனை சொல்வது ஆபத்து. அந்த விற்பனையாளரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கே அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது அம்மா எதில் குளிக்கிறார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) என்னிடம் முதலில் கேட்டது மூன்று கேள்வி. தாங்கி எங்கே இருக்கிறது? பம்ப் உண்டா? நின்று குளிப்பவரா, உட்கார்ந்து குளிப்பவரா? பதிலைக் கேட்டுவிட்டு, உள்ளங்கை அளவு முகமும் குறைவான துளைகளும் உள்ள ஒரு கைஷவரை எடுத்துக் கொடுத்தார். ஒன்றரை மீட்டர் நீளக் குழாயோடு 35 ரிங்கிட். அதை மாட்டும் கொக்கியை நாற்காலியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் அடிக்கச் சொன்னார். இதில் 10 லிட்டர் வாளி நிரம்ப 2 நிமிடம் ஆகிறது. வளையம் எடுத்த உங்கள் ஷவரைவிட 5 வினாடிதான் வித்தியாசம். ஆனால் துளைகள் குறைவு என்பதால் தண்ணீர் பிரிந்து பிரிந்து, உடம்பில் படும் வேகத்தோடு வருகிறது. அதைவிட முக்கியம், ஷவர் ஒரு மீட்டர் கீழே வந்துவிட்டது. தாங்கிக்கும் ஷவருக்கும் உள்ள உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானதால் அழுத்தமும் அதே அளவு கூடிவிட்டது. தலைக்கு மேலே மாட்டும் பெரிய ஷவர் எங்கள் வீட்டுக்கு ஏன் மிக மோசமான தேர்வு என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இருக்கும் கொஞ்ச உயரத்தையும் அது தின்றுவிடுகிறது. அம்மா இப்போது யார் உதவியும் இல்லாமல் தலைக்குக் குளிக்கிறார்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. வாங்குபவர் தன் தேவை என்னவென்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நான் என் தேவையைச் சொன்னேன். உங்களை நம்பி வாங்கினேன்.

ஆகவே ஷவரின் விலை 289 ரிங்கிட்டையும், அதை மாட்டவும் கழற்றவும் பிளம்பருக்குக் கொடுத்த 130 ரிங்கிட்டையும் சேர்த்து மொத்தம் 419 ரிங்கிட் எனக்குத் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பொருளோ தள்ளுபடிச் சீட்டோ வேண்டாம். குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்பதைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மலாயில் அச்சிடுங்கள். கடையில் பம்ப்பில் ஓடும் காட்சி ஷவருக்குப் பக்கத்தில் அப்படியே எழுதி வையுங்கள். தாங்கியின் உயரத்தைக் கேட்காமல் யாருக்கும் ரெயின் ஷவர் விற்க வேண்டாம் என்று உங்கள் கிளைகளுக்குச் சொல்லுங்கள். இவற்றுக்கு உங்களுக்கு அதிகச் செலவு ஆகாது.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. அந்த நிலை வரக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். உங்கள் கடையில் எங்கள் குடும்பம் இதற்கு முன் வாங்கிய குழாய்களும் கழுவு தொட்டியும் இன்றும் நன்றாகவே இருக்கின்றன.

ஷவரைத் துடைத்து, ரப்பர் வளையத்தைத் திரும்பப் போட்டு, அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். ஈப்போ கிளையில் கொடுக்க வேண்டுமா, இல்லை உங்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்வாரா என்று பதிலில் குறிப்பிடுங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பிளம்பர் கூலிச் சீட்டுகள் 2, பெட்டியின் ஆறு பக்கப் படங்கள், மலாய் மொழிபெயர்ப்பு