பழைய லிஸ்டர் எஞ்சினை மீட்டெடுக்க உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நெடுங்காலம் துருவேறி, சுற்ற மறுத்துக் கிடந்த எங்கள் லிஸ்டர் சி.எஸ். 6/1 டீசல் எஞ்சின் இப்போது நிமிடத்துக்கு 650 சுற்று என்ற தன் பழைய வேகத்தில், கரும்புகை கக்காமல் ஓடுகிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லியாயிற்று. எனினும் யார் எந்த வேலையை எப்படிச் செய்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், அனைவரையும் தொழிலைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் இருந்த ஆர்.ஏ. லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்த வரிசையைச் சேர்ந்தது இந்த எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், 6 குதிரைத்திறன், சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) ஐந்தரை அங்குலம். ஊதுவிளக்கால் சிலிண்டரின் தலையைச் (மேல்மூடியைச்) சூடாக்கினால்தான் கிளம்பும் எஞ்சின்கள் பரவலாக இருந்த காலத்தில், குளிர்ந்த நிலையிலேயே கைப்பிடி சுற்றிக் கிளப்பக்கூடியதாக இது வந்தது; பெயரிலுள்ள சி.எஸ். குறிப்பதும் அதையே (கோல்டு ஸ்டார்ட்). பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்ததாலும், இதைப் பார்த்துப் பிறர் செய்த நகல்கள் ஏராளம் என்பதாலும், இதற்குப் புதுப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அந்த வசதியே ஓர் ஆபத்தும்கூட. எதைக் கழற்றினாலும் ஓரமாகப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டத் தோன்றும். கடைசியில் பெயர்ப்பலகை மட்டுமே பழையதாக மிஞ்சும். அதனால்தான், நீங்கள் செய்து தந்ததைவிட, நாங்கள் செய்யாமல் நீங்கள் தடுத்ததையே பெரிதாக மதிக்கிறேன்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயா அவர்களுக்கு. சிலிண்டரோடு ஒட்டிப்போன பிஸ்டனைச் சம்மட்டியால் இறக்கிவிடலாம் என்று கூடியிருந்தோர் சொன்னபோது, அடித்தால் பிஸ்டனின் தலை வெடிக்கும் என்று மறுத்து, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதியாகக் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஊறவிட்டார். பிறகு தினமும் ஃப்ளைவீலை (எஞ்சினின் கனத்த சுழல்சக்கரத்தை) முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்ப்பார். அசையாவிட்டால் கலவையை மீண்டும் நிரப்பிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் ஃப்ளைவீலின் விளிம்பு விரற்கடை அளவு நகர்ந்தது. அதன்பின் பிஸ்டன் முழுதாக வெளியே வந்தது. சிலிண்டரை அளந்து பார்த்ததில் தேய்மானம் வரம்புக்குள்ளேயே இருந்ததால், ஹோனிங் செய்து (சாணைக்கல்லால் உட்சுவரை லேசாகத் தேய்த்து) பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டதோடு நின்றோம்.

துருவை அமிலத்தில் கரைக்க வேண்டாம், அது நல்ல இரும்பையும் தின்றுவிடும் என்று சொன்னவர் வேதியியல் ஆசிரியை. சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தை மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும் நேர்முனையை ஒரு சாதாரண இரும்புத் தகட்டிலும் இணைத்து, மின்சாரத்தால் துருவை நீக்கும் மின்பகுப்பு முறையைக் கற்றுத்தந்தார். நேர்முனையில் எவர்சில்வர் தகட்டை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கும் என்பதையும், ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும் என்பதையும் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். பாகங்களின் இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் பழைய கேஸ்கெட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அவருடையதே.

வெல்டர் நண்பருக்கு நான் சொல்லும் நன்றி சற்று வேறு வகை. தண்ணீர் சுற்றும் உறையில் விழுந்திருந்த கீறலைப் பார்த்துவிட்டு, "வார்ப்பிரும்பு இது; இங்கே பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொரு கீறல் கிளம்பும்" என்று சொல்லி, தமக்கு வந்த வேலையைத் தாமே மறுத்து, கீறலைச் சூடாக்காமல் ஆணிகளால் அடைக்கும் உலோகத் தையல் செய்பவரிடம் அனுப்பிவைத்தார். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? தையல்காரர் கீறலின் இரு முனைகளிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தினார். பின் கீறலின் நீளத்துக்கும் ஒன்றையொன்று கவ்வும்படி மரையாணிகளைத் திருகி, தலைகளை அரத்தால் சமன்செய்தார். சூடே காட்டாமல் முடிந்த வேலை. இப்போது ஒரு சொட்டு நீரும் கசியவில்லை.

லேத் பட்டறைக்காரர் காப்பாற்றியது, சிலிண்டர் தலையின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய கைச்சக்கரத்தை. அதைத் திருகி மூடினால் அழுத்த விகிதம் கூடி, குளிர்ந்த எஞ்சின் எளிதில் கிளம்பும். ஓடத் தொடங்கியதும் திறந்துவிடலாம். இறுகிப்போன இந்தக் கைச்சக்கர வால்வை நிரந்தரமாக அடைத்துவிடுவதே பலரின் வழக்கம். அவரோ புதிய தண்டு கடைந்து மாட்டி, அதை மறுபடி இயங்கவைத்தார். பிஸ்டனுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளியையும், பிஸ்டன்மேல் ஈயக்கம்பி வைத்து ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் படித்து, சிலிண்டரின் அடியில் போடும் ஷிம்களால் (மெல்லிய தகடுகளால்) சரிசெய்தார்.

டீசல் பம்புக்காரர் வந்த நாளில் எல்லோரும் மூச்சடக்கி நின்றோம். டீசல் பீய்ச்சத் தொடங்கும் நேரத்தைப் பார்க்க, பம்பின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, டீசல் சொட்டச் சொட்ட ஃப்ளைவீலை மிக மெதுவாகச் சுற்றச் சொன்னார். சொட்டு நிற்கும் கணத்தில், பிஸ்டன் உச்சியை அடைய ஃப்ளைவீல் இன்னும் 20 பாகை சுற்ற வேண்டியிருக்க வேண்டும். டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதித்தபோது அருகில் கை நீட்டிய இளைஞரை அவர் அதட்டியதற்கும் தனியாக நன்றி: அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பழைய பச்சை வண்ணத்தைச் சுரண்டாமல், கழுவி எண்ணெய் பூசியதோடு விட்டுவிடச் சொன்ன ஓவியருக்கும் கடன்பட்டிருக்கிறேன். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், தேவைக்கு மேல் கைவைக்காதீர்கள் என்றே சொல்கிறது. பளபளப்புக்காக வரலாற்றைச் சுரண்டி எடுப்பவர்கள்மீது எனக்குள்ள எரிச்சலை இங்கே விரிக்கவில்லை.

எடுத்த அளவுகளையும் படங்களையும் ஒரு குறிப்பேட்டில் தொகுத்திருக்கிறோம். இதே எஞ்சினை மீட்க முனைவோர் யார் கேட்டாலும் பிரதி தருவோம். ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சாவியைப் (ஆப்பைப்) பிடுங்குவதற்குக் கொல்லர் அடித்துத் தந்த கருவியும் இரவலுக்கு உண்டு. வேலை முடிந்ததும் எண்ணெய் தடவித் திருப்பித் தந்தால் போதும்.

நன்றியுடன்,
எஞ்சினைப் பராமரிக்கும் குழுவின் சார்பில்