பென் குரோக்கி நிகழ்ச்சிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை நூலக அரங்கில் நாற்காலி போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் கேட்டார்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் பறந்த பென் குரோக்கி என்ற நெப்ராஸ்கா விவசாயி மகனின் கதை எதற்கு என்று கேட்டவர்களும் வந்து கடைசிவரை இருந்தார்கள். அவர்களுக்குத்தான் முதல் நன்றி. பென் குரோக்கி 2015 செப்டம்பரில், தம் 98ஆம் வயதில் காலமானது கலிபோர்னியாவில் நம் கமரில்லோவில். அவரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் தெரிந்துகொள்வது?

வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளை அவர். 1941 டிசம்பரில் ஹவாயிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதுமே சகோதரரோடு ராணுவத்தில் சேரப் போனார். முதலில் போன இடத்தில் எடுக்கவில்லை. வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த பிறகும் உருளைக்கிழங்கு உரிக்கவிட்டார்கள், அப்புறம் எழுத்தர் வேலை. படைப்பிரிவு கிளம்பும்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று அழுது கெஞ்சிக் கூடவே போனார். இங்கிலாந்தில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரரானார். 25 முறை பறந்து முடித்தால் ஊர் திரும்பலாம். அவரோ இன்னும் ஐந்து பறக்கிறேன் என்று கேட்டு வாங்கினார். அந்த முப்பதாவது பயணத்தில், ஜெர்மனியின் முன்ஸ்டருக்கு மேலே, தலைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூண்டு குண்டுச்சிதறல் பட்டு நொறுங்கியது. ஆள் தப்பினார்.

அந்தக் கூண்டு எப்படி இருக்கும் என்று நமக்குக் காட்டியவர் விமான நிலையத்துப் பழைய விமானக் கொட்டகையின் தன்னார்வலர். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல! ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றி உட்காரவைத்தீர்கள். இரண்டு காதுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு துப்பாக்கி, காலை நீட்ட இடமில்லை. 25,000 அடி உயரத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும், மின்சாரத்தில் சூடேறும் உடுப்பு பழுதானால் விரல் போய்விடும் என்று நீங்கள் சொன்னதும், அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்து ஜப்பான் மீது பறக்க விரும்பினார். ஆனால் அங்கே போன பி-29 குண்டுவீச்சு விமானத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் பறக்கக் கூடாது என்று விதி இருந்தது. அவருக்காகப் பலர் பேசிய பிறகு போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் விலக்கு அளித்தார். பசிபிக் கடலின் டினியன் தீவிலிருந்து ஜப்பான் மீது 28 பயணங்கள், ஆக மொத்தம் 58. எதிரி என்று நினைத்து நம் ஆட்களே சுட்டுவிடுவார்களோ என்று, தீவில் அவர் எங்கே போனாலும் விமானத் தோழர்கள் கூடவே போவார்களாம். அவர் வீரத்தைப் பேசுகிறவர்கள் இந்தத் தோழர்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்றான, வயோமிங்கின் ஹார்ட் மவுண்டனில் அடைபட்டிருந்த குடும்பத்திலிருந்து வந்து பேசிய பாட்டிக்குத் தனி நன்றி. 1944இல் குரோக்கி அங்கே போனபோது கைதட்டியவர்களும் உண்டு, முகம் திருப்பியவர்களும் உண்டு என்று மறைக்காமல் சொன்னீர்கள். குடும்பத்தை முள்வேலிக்குள் வைத்துவிட்டு எங்களை மட்டும் போருக்குக் கூப்பிடுவதா என்று மறுத்த 63 இளைஞர்கள் அங்கிருந்து சிறைக்குப் போனார்கள். குரோக்கி அந்த இளைஞர்களின் பக்கம் நிற்கவில்லை. 1947இல் அதிபர் ட்ரூமன் அந்த இளைஞர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். இதைச் சொல்லாமல் குரோக்கியை மட்டும் புகழ்ந்திருந்தால் பாதிக் கதைதான் சொன்னதாகியிருக்கும்.

போர் முடிந்ததும் ஊர் ஊராகப் போய் இனவெறிக்கு எதிராகப் பேசினார். அதைத் தம் 59ஆவது பயணம் என்பார். அப்புறம் இதழியல் படித்து, நெப்ராஸ்காவின் யார்க்கில் வாரப் பத்திரிகை ஒன்றை வாங்கினார். பிறகு மிச்சிகனில் ஒரு பத்திரிகை, கடைசியாக நம் வென்ச்சுரா நாளிதழ். 1984இல் ஓய்வு. ராணுவத்தின் சிறப்புச் சேவைப் பதக்கம் அவர் கைக்கு வந்தது 2005இல்தான். அப்போது அவருக்கு 88 வயது.

உரைகளைத் தமிழில் சொன்ன பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், நிலப்படம் வரைந்த ஆசிரியை, இரவோடிரவாகச் சுண்டல் அவித்த அக்காமார், மைக் சரிசெய்த தம்பி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படத் தட்டிகள் மாதக் கடைசிவரை நூலகத்தில் இருக்கும். இரவல் தந்த புகைப்படங்களை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.