தகட்டில் பதிந்த நட்சத்திரங்கள்

ஆசிரியருக்கு,

துகள் இயற்பியல் என்றாலே பத்திரிகைகள் துகள்களை அதிவேகமாக ஓடவிடும் பிரம்மாண்டமான முடுக்கிகளைத்தான் காட்டுகின்றன. கண்ணாடித் தகட்டில் தடவிய ஒளிப்படப் பூச்சு செய்த வேலையையும் கொஞ்சம் எழுதுங்கள்.

ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு மணிகள், அவ்வளவுதான் அந்தப் பூச்சு. மின்னூட்டமுள்ள துகள் ஒன்று ஊடுருவிப் போனால், தகட்டைக் கழுவிய பிறகு அதன் பாதை கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். துகளின் வேகம் குறையக் குறையப் புள்ளிகள் நெருங்கி வருவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். வேகத்தை இப்படிக் கண்ணாலேயே படிக்க முடிவது எனக்கு இன்றும் வியப்புதான்.

1937-இல் மரியெட்டா பிளவ், ஹெர்தா வாம்பாக்கர் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் ஆஸ்திரிய மலையில் 2,300 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்த தகடுகளை ஆராய்ந்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் மோதி அணுக்கரு சிதறிய தடம், ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கோடுகள் ஓட, நட்சத்திரம்போலப் பதிந்திருந்தது. அடுத்த ஆண்டே யூதரான பிளவ் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டார்ஜிலிங்கில் பிபா சௌத்ரியும் டி.எம். போஸும் இதே வழியில் மெசான்கள் என்ற நுண்துகள்களைத் தேடினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தரமான தகடுகள் கிடைக்கவில்லை. அப்புறம் மேம்பட்ட தகடுகளில் பையான் என்ற மெசானைக் கண்ட செசில் பவலுக்கு மட்டும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் தகுதியானவர்தான். ஆனால் பிளவையும் சௌத்ரியையும் மறந்தது அநியாயம்.

2017-இல் எகிப்தின் கூஃபு பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீள வெற்றிடம் இருப்பதாகக் கண்டறிந்ததிலும் இந்தப் பூச்சுக்குப் பங்குண்டு. காஸ்மிக் கதிர்களால் உண்டாகிக் கல்லையும் ஊடுருவும் மியூவான் துகள்கள் வெற்றிடம் உள்ள பக்கமிருந்து கூடுதலாக வரும்; அவற்றைப் பதிய ஜப்பானியர் உள்ளே வைத்த படலங்களுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை.

- ஒரு வாசகர்