கட்டுமரத்தின் வாரிசுக்குத் தனிக் குழு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரட்டை உடல் பாய்மரப் படகை உலகம் 'கேட்டமரான்' என்று சொல்வது நம் கட்டுமரத்தின் பெயரால்தான். 1976 முதல் ஒலிம்பிக்கில் இருந்த இவ்வகை டொர்னாடோ படகு 2008-உடன் கைவிடப்பட்டது. 2016-இல்தான் ஆணும் பெண்ணும் இணைந்து ஓட்டும் நாக்ரா 17 என்ற இரட்டை உடல் படகு வந்தது. ஒரு பக்க உடல் தண்ணீரைவிட்டு எழும்ப, இடுப்பில் கொக்கி மாட்டி வெளியே சாய்ந்து நிற்பவருக்கு அந்த வேகமே போதும், வேறு விளம்பரம் தேவையில்லை. ஆனால் கவிழ்ந்தால் முழுக்கத் தலைகீழாகிவிடக்கூடும். நிமிர்த்துவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். ஒற்றை உடல் படகுக்கான பாடத்தை இதற்கும் ஒட்டவைப்பது தவறு, ஆபத்தும்கூட. தேசியப் பாய்மரப் படகுச் சங்கங்கள் இதற்கெனத் தனிக் குழு அமைத்து, பயிற்சி, மீட்புப் படகு, வெவ்வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடும்போது நேரச் சலுகைக் கணக்கு ஆகியவற்றை அதனிடமே ஒப்படைக்கட்டும். அக்குழுவில் பாதிப் பேராவது இப்படகை ஓட்டுபவர்களாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்